கீச்சான்

எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைக் குழம்பில்
கொதிப்பது கடலில் பிடித்த மீன்.
போன வாரம் வரை அப்படித்தான்.
அப்பா பிடித்தார்.
அவருக்கு முன், துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய
அவருடைய அப்பா பிடித்தார்.
மூன்று தலைமுறையாக எங்கள் முள்ளில்
ஒரு நெத்திலிகூட மாட்டியதில்லை என்பது
ஆண்கள் மட்டும் அறிந்த கணக்கு.

இந்த வாரம் பிள்ளைகளையும் கூட்டிப்போனேன்.
டேங்க்கின் மேல் ஆபேல்,
முதுகோடு ஒட்டிக்கொண்டு மெர்லின்.
எண்ணூர் விரைவுச் சாலையில்
நின்றபடி தூங்கும் கன்டெய்னர் லாரிகள்.
ஸ்டீயரிங்கில் கால் போட்டுப் படுத்திருந்த ஒரு டிரைவர்
ஆபேலுக்கு டாட்டா காட்டினார்.

திருவொற்றியூரில் கருங்கல் கொட்டிய இடத்துக்குத்
தூண்டில் வளைவு என்று பெயர்.
கடலைப் பிடிக்க அரசாங்கம் போட்ட தூண்டில்.
அதற்கும் இன்னும்
ஒன்றும் உருப்படியாக மாட்டவில்லை.

தங்கூசியை விரலில் சுற்று.
ஈயக்குண்டு பாறையில் இடிக்காமல் வீசு.
இறால் தலையில் முள் மறையட்டும்.
சும்மா இரு.
எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.
மற்றது காசிமேட்டில் சொல்லித்தர வேண்டியது:
ஒரே அளவில் மூன்று மீன் எடுக்காதே,
கடல் தராசில் போட்டுத் தருவதில்லை.
ஐஸ் வாடை போக உப்புத்தண்ணீரில் அலசு.
பிறகு வாயில் ஒரு ஓட்டை,
உள்ளிருந்து வெளியே,
அவசரப்படாமல்.

வெயில் ஏறியது.
ஆபேல் தன் வறுக்கியில் பாதியை
ஒரு நண்டுக்குக் கொடுத்தான்,
மீதியையும் அதுவே வாங்கிக்கொண்டது.

"அப்பா, கை இழுக்குது."
"பாறை இடுக்குல சிக்கியிருக்கும், அறுத்துடு,"
முப்பது வருட அனுபவத்தில் சொன்னேன்.
அவள் அறுக்கவில்லை, இழுத்தாள்.

என் நடுவிரல் நீளம்.
முதுகில் வளைவு வளைவாக மூன்று கறுப்புக் கோடு.
வெளியே வந்ததும் அது
கீச் என்றது.
காற்றில் தொங்கியபடி இன்னொரு கீச்.
மெர்லின் என்னைப் பார்த்தாள்.
எனக்கு முள்ளைக் கழற்றத் தெரியாது,
குத்தத்தான் தெரியும்.

பக்கத்துப் பாறையில் மட்டி பெயர்த்துக்கொண்டிருந்த அக்கா
நைட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு தாவி வந்தாள்.
முதுகுச் செட்டையை அமுக்கிப் பிடித்து
இரண்டு விரலால் ஒரே திருப்பு.
"கீச்சான். கையில குத்திடும், பாத்து.
மொத மீனா?"
அவள் கேட்டது மெர்லினை.
ஆமாம் என்றது நான்.

"அது அழுவுது. வுட்டுடு," ஆபேல் சொன்னான்.
அது அழுகை இல்லை, அதன் குரலே அப்படி
என்று சொல்ல வாயெடுத்தேன்.
எனக்கென்ன தெரியும்.
மெர்லின் குனிந்து தண்ணீரில் கையை விரித்தாள்.
கொஞ்ச நேரம் விரித்தபடியே வைத்திருந்தாள்.

காசிமேட்டில் சங்கரா கூறு இருநூறு.
நான் வாயைத் திறக்குமுன்
பெரிசு ஒன்று, நடுத்தரம் ஒன்று,
வால் மடங்கிய சின்னது ஒன்று
எடுத்து வைத்தாள் மெர்லின்.
"யார் சொன்னது உனக்கு?"
"அம்மாதான். போன தடவ மூணும் ஒரே சைஸாம்.
ரொம்ப நேரம் சிரிச்சுது."

மீன்காரம்மாவிடம் மீதிச் சில்லறை வாங்க
மறந்துவிட்டேன்.

வீட்டில் ரெஜினா அரிவாள்மனையில் உட்கார்ந்தாள்.
"என்ன மாட்டுச்சு?"
"சங்கரா, மூணு," மெர்லின் முந்திக்கொண்டாள்,
"அப்பா பிடிச்சாரு."
ரெஜினா ஒன்றின் வாயைத் திறந்து
ஓட்டை வழியே விளக்கைப் பார்த்தாள்.
"ஆழக்கடல் மீனு, பாவம்,
கல்லு வரைக்கும் நடந்து வந்து கடிச்சிருக்கு."
செதில் பறந்து என் சட்டையில் ஒட்டியது.

மேசைக்கு அடியிலிருந்து ஆபேல்
கீச் என்றான்.
மெர்லின் அவன் காலை மிதித்தாள்.