கடன் பிரிவு, எண் 41

குதைசியில் மழை. வாஜாவின் கடையில்
ஒன்பது பெட்டிகள், ஒன்றன்மேல் ஒன்றாக.
புதியது வேண்டாமென்று முடிவெடுத்தது நானல்ல,
என் பணப்பை.

"இதில் விளக்கெல்லாம் எரியும்" என்று
கண்ணாடி வைத்த ஒன்றைத் தட்டினான்.
விளக்கா என் நிரலைத் தொகுக்கும்?
பென்டிரைவை நீட்டினேன்.
வீட்டு மடிக்கணினியில் நாற்பது நிமிடம்:
பீன்ஸ் வேகும், ஆறும்,
நான் சாப்பிட்டுக் கைகழுவி வந்தாலும்
அது ஓடிக்கொண்டேயிருக்கும்.

மூலையில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி.
மூடியைக் கழற்றினால் தூசி, தூசிக்கடியில்
எட்டு கோர்,
நினைவகத்துக்கு இன்னும் இரண்டு காலியிடம்.
விசிறி மட்டும் சளி பிடித்தவன் மாதிரி.
பதினொரு நிமிடம், முப்பது நொடி.
வாஜாவின் சிகரெட் பாதிகூடக் கரையவில்லை.

அறுநூறு லாரி என்றான்.
விசிறியைக் காட்டினேன்.
ஐந்நூற்றி இருபது.

வீட்டில் துடைக்கும்போதுதான் பார்த்தேன்
அடியில் ஒட்டியிருந்த சீட்டை:
வங்கியின் பெயர், கடன் பிரிவு, எண் 41.

போன வசந்தத்தில் என் விண்ணப்பத்தை
எத்தனை நொடியில் தள்ளுபடி செய்தாய்?

கேட்கவில்லை.
சீட்டைக் கிழிக்கவும் இல்லை.
மேசைக்கடியில் தள்ளிவிட்டு
ஈரக் காலுறையோடு பாதங்களை அதன்மேல் சாய்த்தேன்.
வெதுவெதுப்பாகத்தான் இருந்தது.