எட்டாவது இடி

தம்பெரேயில் நவம்பர்.
மூன்றரைக்கே இருட்டிவிடும்.
நான்கு தட நாடாவில்
கிதார், பாஸ், குரல் எல்லாம் இல்போவே.
டிரம்ஸுக்கு மட்டும் பிஸ்கட் டின்.

பக்கத்து வீட்டு சிர்க்கு
சுவரை இடித்தாள், நிறுத்தச் சொல்லி.
அதுவும் நாடாவில் ஏறியிருந்தது.
ஏழு இடி.
எட்டாவதற்குக் காத்திருந்தான்.
அந்தக் குழியில் தடுக்கித்தான்
பாட்டு நடக்கப் பழகியது.

மறுநாள் அவள் கதவைத் தட்டி,
"இன்னொரு தடவை கோபப்பட முடியுமா?" என்றான்.

அப்புறம் வெய்யோ. தேவாலய ஆர்கன்களுக்குப் பழுது பார்ப்பவன்.
ஒரே சுரத்தை ஆறு நிமிடம் அழுத்திப் பிடித்தான்;
சுவர்த்தாளின் பூக்கள்
நீந்திப் போயின.

இப்போது பாட்டு இருபத்து மூன்று நிமிடம்.
நடுவில் நான்கு நிமிடம்
இல்போவுக்கு வேலையே இல்லை.
கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல்
ஆம்ப்ளிஃபயர் மேல் சாய்ந்து
கேட்டுக்கொண்டிருக்கிறான்,
பக்கத்து வீட்டுக்காரனைப் போல.