வாங்காதவர் பட்டியல்

கோத்தகிரி மார்க்கெட்டில் கறிக்கடைக்கு எதிரே
மூன்றாவது ஷட்டர் என்னுடையது.
உருளைக்கிழங்கு மூட்டையைப் பிரிக்கும்போது
ஜீப் வந்து நின்றது.

"நாற்பது நாளாக
வெண்சிகரம் தேயிலைத்தூள் வாங்காதவர் யார் யார்?
பட்டியல் வேண்டும்."

என் பற்றுவரவு நோட்டில், ஐயா,
வாங்கியவர்கள்தான் இருக்கிறார்கள்.
ஹாலன், சீயக்காய் இரண்டு பாக்கெட்.
மாதி, அரைக்கிலோ வெல்லம், பாக்கி ஏழு ரூபாய்.
வாங்காததை
நான் எந்தப் பக்கத்தில் எழுதுவேன்?

புதுச் சட்டமாம்.
வாங்காமல் இருக்கலாம்.
ஏன் வாங்கவில்லை என்று
நாலு பேர் கேட்கச் சொல்லக் கூடாது.
எஸ்.ஐ. இதை இரண்டு முறை வாசித்தார்,
இரண்டாம் முறை கொஞ்சம் மெதுவாக.

பச்சை இலை கிலோ பதினொன்றுக்கு விழுந்த வாரம்
ஃபேக்டரி வாசலில் உட்கார்ந்த ஒன்பது பேர்
இன்னும் கோவை ஜெயிலில்.
மறுநாள் காலையில்
பஸ் ஸ்டாண்டு ரஞ்சிதமலர் டீக்கடையில்
ஒரு சிலேட்டு தொங்கியது:
'இன்று டீ இல்லை. சுக்குத்தண்ணி உண்டு.'
அதற்கடுத்த நாளும் அதே 'இன்று.'
அவ்வளவுதான் அவள் செய்த தூண்டுதல்.

சிலேட்டைத் துணியில் சுற்றி, அரக்கு வைத்து
சான்றுப்பொருள் ஒன்று என்றார்கள்.
என் நோட்டு இரண்டு.
நான் சாட்சி நான்கு.

கையெழுத்துப் போட்ட கையை
லுங்கியில் துடைத்துக்கொண்டேன்.
மை ஒட்டியிருக்கவில்லை.

அவர்கள் கேட்காத நோட்டு ஒன்று பரணில் இருக்கிறது.
கப்பலில் வந்தவர்கள் கூலி உயர்வு கேட்ட வருஷம்.
எஸ்டேட் மேனேஜர் ஒரு வார்த்தை சொன்னார்,
கடைத்தெரு முழுக்க அந்த லைனுக்கு அரிசி தீர்ந்துபோனது.
பதினாறு பெயர்கள் மேல்
அப்பா ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார்.
நேர்த்தியான மனிதர்.
எனக்குப் பதினாலு வயது.
எண்ணெய்ப் புட்டியோடு ஒரு சின்னப் பெண் வந்தாள்,
கயிறு கட்டிய புட்டி.
"இல்லை" என்றேன்.
முதுகுக்குப் பின்னால் டின் நிறைய எண்ணெய்,
அதன் வாசனை அவளுக்கும் வந்திருக்கும்.
அன்றைக்கு ஜீப் வரவில்லை.
யாரும் எதையும் எழுதித் தொங்கவிடவும் இல்லை.

சாயங்காலம் மூடுபனி இறங்கியதும் போனேன்.
ஜாமீனில் வந்த மூன்றாம் நாளே கடை திறந்திருந்தாள்.
சிலேட்டு இருந்த இடத்தில்
சுவர் சதுரமாக வெளுத்திருந்தது,
புகை படாத பழைய நீலம்.
புட்டியை அவள் மறந்திருப்பாள் என்று
இத்தனை வருஷமாக நினைத்திருந்தேன்.
டம்ளரை வைத்தவள் நேராகப் பார்த்தபோது
அப்படித் தோன்றவில்லை.

சுக்கு தொண்டையைக் கீறியது.
பையில் சில்லறை இல்லை.
"கணக்குல எழுதிக்கட்டுமா?" என்றாள்.

எழுதாதே என்றேன்.
பிறகு, டம்ளர் காலியான பிறகு,
இல்லை,
எழுது என்றேன்.
என் பெயரைப் போட்டே எழுது.