ஒன்பது இருபது

சர்க்கரை இரண்டு குவளை, எலுமிச்சை ஒன்று,
தண்ணீர் கண்ணளவு.
மூன்று வாரத்துக்கொரு வியாழன் நான் வாணலியை எடுத்தால்
ஜெவ்தெத் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு
துறைமுகத் தேநீர்க் கடைக்குப் போய்விடுவார்.
போங்கள் என்று நான் சொன்னதில்லை.
திரும்பும்போது வீடு மணக்கும்.
"இனிப்பு செய்தாயா?"
"தீய்ந்துவிட்டது."
இருபத்திரண்டு வருடமாகத் தீய்ந்துகொண்டிருக்கும் இனிப்பு.

இந்த வியாழன் அவர் போகவில்லை.
மார்பில் ஐந்து வில்லைகளை ஒட்டி
இடுப்பில் ஒரு பெட்டியைத் தொங்கவிட்டு
ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பியிருந்தார்கள்.
ஒரு பகல் ஓர் இரவு
இதயம் முணுமுணுப்பதை அது எழுதிக்கொள்ளுமாம்.
கூடவே ஒரு தாள்:
எத்தனை மணிக்கு என்ன செய்தீர்கள், குறித்து வரவும்.

நர்ஸுக்கு அவசரம். பாதிதான் மழித்திருந்தாள்.
ஜெவ்தெத்தின் மார்போ
ட்ராப்ஸோன் படகுத்துறையில் குவித்துப் போட்ட வலை.
மீன் சூப்பை இரண்டு கரண்டி குடிப்பதற்குள்
மூன்றாம் வில்லை கழன்று தொங்கியது.
பெட்டி கீச்சிட்டது.
மாற்று வில்லை இருந்தது, ஒட்ட இடமில்லை.
சவரக்கத்தியை எடுத்தார்.
கை நடுங்கியது.
நான் அதைப் பார்க்கவில்லை என்பதுபோல்
அடுப்பைப் பற்றவைத்தேன்.

தேன் நிறம் வந்ததும் இறக்க வேண்டும்,
ஒரு மூச்சு தாமதித்தால் கல்.
குளிர்ந்த நீரில் ஒரு சொட்டு விட்டு
உருண்டால் சரி, உடைந்தால் போச்சு.
ஆறவிட்டு, விரலை நனைத்து நனைத்து
இழுத்து மடித்து இழுத்து மடித்து
பொன் வெளுத்து முத்தாகும்வரை பிசைந்தேன்.
அவர் பார்த்துக்கொண்டிருந்தார்,
சொந்த அடுக்களையில்
தவறான பேருந்தில் வந்து இறங்கியவர்போல.

"வலிக்குமா?"
"எறும்புக்கடி."

முடிக்கு எதிராகத் தேய்த்து
முடியின் போக்கில் சுண்டி இழுக்க வேண்டும்.
இழுத்தேன்.
கீழ்வீட்டு நெஸாஹத்
துடைப்பக் கட்டையால் தன் கூரையை இடித்தாள்.
உடனே உள்ளங்கையை அங்கே அழுத்தினேன்.
இதற்குத்தான் பழக்கம் வேண்டும்,
பிடுங்கிய கையே
அடுத்த நொடி ஒத்தடமாக.

கைக்கடியில் அது ஓடியது,
ஓடி, ஒரு படி தவறி,
மறுபடி ஓடியது.
இத்தனை வருடத்தில் அதை
நான் தொட்டு எண்ணியதில்லை.

கொஞ்சம் கழித்துக் கேட்டார்:
"நீ... கால் முழுக்கவா?"
"கால், கை, அக்குள்."
மூன்று வாரத்துக்கு ஒன்று என்று
விரல்விட்டுப் பெருக்கிப் பார்த்தார்.
ஐந்தாம் வருடத்தில் கணக்கு நழுவிவிட்டது.
"யாருக்காக?"

என்னிடம் மூன்று பதில்கள் உண்டு.
மூன்றும் வேறு வேறு வருடங்களுடையவை.
ஒன்றில் அவர் இருக்கிறார்.
ஒன்றில், துவைத்த விரிப்பில் கால் நீட்டும்போது
எனக்கே எனக்கென்று ஒரு வழவழப்பு.
இன்னொன்றை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.
"அசையாதீர்கள்" என்றேன்.

ஜன்னலில் மழை.
கடல் தெரியவில்லை, இரைந்தது.
அதைப் பார்த்தபடியே சொன்னார்,
அப்பா ஹேசல்கொட்டைத் தோட்டத்தில்
கூடையோடு குனிந்தவர் நிமிரவில்லை என்று.
அது எனக்குத் தெரியும்.
"அப்போது அவருக்கு நாற்பத்தொன்பது.
எனக்கு அடுத்த மாதம்."
அது எனக்குத் தோன்றியதில்லை.

இரண்டாம் முறை இழுத்தேன்.
சத்தம் போடவில்லை.

சிவந்த வட்டத்தில் புது வில்லை ஒட்டிக்கொண்டது.
பெட்டி அடங்கியது.
வாணலி ஓரத்தில் காய்ந்திருந்ததைச் சுரண்டி
வாயில் போட்டுக்கொண்டார்.
"தீயவே இல்லையே" என்றார்.

திங்கட்கிழமை டாக்டர் நீளத் தாளை உருட்டிக்கொண்டே வந்து
ஓரிடத்தில் பேனாவை வைத்தார்.
கோடு அங்கே மலையேறியிருந்தது.
"இங்கே என்ன? மாடிப்படியா? சண்டையா?"

ஜெவ்தெத் சட்டைப்பையிலிருந்து
நான்காய் மடித்த காகிதத்தை எடுத்து நீட்டினார்.
அவருடைய கோணல் எழுத்தில்:

எட்டு மணி: மீன் சூப்.
எட்டு நாற்பது: வில்லை விழுந்தது.
ஒன்பது இருபது: மனைவி.