பால் சேர்க்காதது

கோபாலபுரம் செக்போஸ்டுக்கு இந்தப்புறம்
தேங்காய்நார்த் தூளைக் கட்டியாக அழுத்திக்
கப்பலேற்றும் கம்பெனியில்
ஏழு வருஷமாக எனக்கு இங்கிலீஷ் வேலை.

வாங்குகிறவர்கள் நாட்டிங்ஹாம் பக்கம் ஒரு நர்சரி.
அங்கே கோலின் என்று ஒருவர்,
ஜில்லியன் என்று ஒருத்தி.
முகம் தெரியாது. வாக்கியம் தெரியும்.

கோலின் எழுதுவார்:
இரண்டு கன்டெய்னர். மே மாதம். உப்புக் குறைய வேண்டும்.
எழுவாய்கூட இருக்காது.
அதையே கேட்க ஜில்லியன்
ஒரு 'ஜஸ்ட்', ஒரு 'ஐ திங்க்', இரண்டு 'சாரி' செலவழிப்பாள்.
முற்றுப்புள்ளி விழவேண்டிய இடத்தில்
'இஸின்ட் இட்' என்று ஒரு வால் தொங்கும்,
ஏப்ரலுக்குப் பின் மே வருவதே
தன் சொந்த அபிப்பிராயம் போல.
அவள் பிறந்த மொழிதான் அது.

ஒருமுறை அவளும் நானும் மாறி மாறி சாரி சொல்லி
ஆறு மெயில் ஓடியது.
பந்தியில் முதலில் நீங்கள் உட்காருங்கள் என்று
இரண்டு பேரும் நின்றுகொண்டே இருந்த மாதிரி.
ஏழாவதில் கோலின் வந்து தேதியைப் போட்டார்.

இங்கிலீஷ் வினையில் ஆணுமில்லை பெண்ணுமில்லை.
நம்பித்தான் குடிபோனேன்.
வீட்டில் அப்படி இல்லை.
வந்தாள், எழுதினாள், தப்பாக எழுதினாள்:
என் வினை ஒவ்வொன்றின் பின்னாலும்
ஓர் 'ஆள்' நின்று பார்த்துக்கொண்டிருக்கும்.
ரோட்டைத் தாண்டினால் கேரளா.
அங்கே பக்கத்து மேஜை ஷாஜனும் வந்நு,
நானும் வந்நு,
சித்தூர் பஸ்ஸும் வந்நு.

வேலை இல்லாத ஒரு சனிக்கிழமை
என் மெயில்களை எண்ணினேன்.
ஒரு மாதத்தில் நாற்பத்தொரு சாரி.
தப்பு என்னுடையதாக இருந்தது மூன்றில்.
ஷாஜன் கணக்கில் ஒன்றே ஒன்று:
'சாரி, நோ ஸ்டாக்.'
ஆனால் பேங்க் மேனேஜருக்கு அவன் எழுதியதையும் பார்த்தேன்.
கைண்ட்லி, ஹம்பிளி, இஃப் பாசிபிள் சார்.
லோன் கேட்கையில் அவனும் பெண்பால்தான்.
அப்படியானால் இது பாலா, பாக்கியா?
கடன்பட்டவர்பால் என்று ஒன்றை
இலக்கணத்தில் ஏன் சேர்க்காமல் விட்டார்கள்?

ஜூனில் கொச்சியில் ஒரு கன்டெய்னர் நனைந்தது.
பாதி விலைதான் என்றார் கோலின்.
'சரக்கு காய்ந்ததுதான், ரிப்போர்ட்டைப் பார்'
என்று ஷாஜன் ஒரு வரி போட,
கோலின் அதற்கப்புறம் பேசவே இல்லை.
முதலாளி சின்னராஜு என் மேஜையைத் தட்டினார்.
'நீ எழுதும்மா. உன்ற மாதிரி குழைவா.'

குழைவு.
ஏழு வருஷத்தில் அதற்கு
ஒரு இன்கிரிமென்ட் வந்ததில்லை.

'சாரி டு பாதர் யூ'
விரல் தானாகத் தட்டிவிட்டிருந்தது.
அழித்தேன்.
கன்டெய்னர் கூரையில் ஓட்டை இருந்தது,
ஏற்றுமுன் நாங்கள் பார்க்கவில்லை, சாரி.
ஒன்று போதும், தப்பு உள்ளே இருக்கிற சாரி.
நனைந்தது மூன்று பேலட்.
மீதிக்கு முழு விலை.
வெள்ளிக்கிழமைக்குள்.

வால் இல்லாமல் அது
மொட்டையாகத் தெரிந்தது.
அனுப்பாமல் வைத்துவிட்டு ரோட்டைத் தாண்டினேன்.
'பால் வேணோ?' என்றாள் சாயாக்கடை விலாசினி.
வேண்டாம், கட்டன் போதும்.
'மெயில் அயச்சோ?'
பின்னால் ஷாஜன்.
அவனா அவளா என்று
எதையும் விசாரிக்காத கேள்வி.

தமிழில் பதில் சொல்ல வாயெடுத்தபோதுதான்
பட்டது.
அடுத்தவர் என்னைச் சொன்னால்தான் அந்த ஆள்.
என்னை நான் சொன்னால்
இல்லை.

கிளாஸைப் பலகைமேல் வைத்து
போனைத் திறந்து, அழுத்தி,
சொன்னேன்:
அனுப்பினேன்.