ஒன்பதாவது ஒட்டு

கரடிப்போக்குச் சந்தியில்
கீழே ரியூப் ஒட்டுகிற கடை.
மேலே நாங்களும் ஒட்டுத்தான் போடுகிறோம்,
ஒரு தமிழ் எழுத்துருப் பொதிக்கு.
சம்பளம் இல்லை. சண்டை இருக்கிறது.

என்னிடம் ஒரு கோப்புறை.
அதற்குள் பதினேழு ஒட்டுகள், இலக்கமிட்டு.
மூலநிரல் புதிதாக வந்தால்
ஒன்றிலிருந்து வரிசையாகப் போடுவேன்.
பொருந்தாதது தானே கத்தும்.
பதினொரு வருசமாக இப்படித்தான்.

யூட் அமலதாஸ் சொல்கிறான்:
"எல்லாத்தையும் கிட்டுக்குள்ள போடுவம்.
ஆளுக்கொரு கிளை, பிறகு இணைப்பம்.
உன்ர லப்டொப் செத்தா
பொதியும் செத்துப்போம், தெரியுமே?"

தெரியும்.
ஆனால் இரணைமடுத் தண்ணியில் வயல் செய்த வீட்டில் பிறந்தவள்.
வாய்க்கால் கிளைவிடும்.
விட்ட கிளை குளத்துக்குத் திரும்பி வந்ததை
நான் கண்டதில்லை.
"அது தண்ணி," என்றான். "இது எழுத்து."
அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

மாங்குளத்து வதனா
எந்தப் பக்கமும் இல்லை.
சிக்னல் விழாத நாட்களில்
திருத்தத்தை பென் ட்ரைவில் போட்டு
வவுனியாவிலிருந்து வருகிற பஸ்ஸில்
கொண்டக்டரிடம் கொடுத்துவிடுவாள்.
"எந்த வழியெண்டாலும் சரி.
பஸ்ஸில ஏத்தக்கூடியதா இருக்கோணும்."

திங்கட்கிழமை, ஒருவரையும் கேளாமல்,
யூட் ஏற்றிவிட்டான்.
பதினேழும் ஒரே கொமிட்.
எழுதியவர்: யூட்.
திகதி: திங்கள்.
குறிப்பு: பழைய ஒட்டுகள்.

நான் கத்தவில்லை.
கீழே கொம்பிரசர் கத்திக்கொண்டிருந்தது.
ஒன்பதாவதைத் திற என்றேன்.

ஒற்றைக்கொம்பை இடம் மாற்றுகிற நாலு வரி.
தலையில் ஒரு பெயர், சுகிர்தன்.
எங்களில் ஒருவரும் காணாத ஆள்.
1970 ஜனவரி 1, காலை ஐந்தரை.
"ஏனெண்டு விளங்கேல்லை.
இதை எடுத்தா 'கொ' உடையுது.
ஜெனரேற்றர் நிக்கப்போகுது."

எழுபதில் இந்த எழுத்துரு ஏது?
உள்ளே பற்றரி செத்த ஏதோவொரு கணினி
விழிக்கிறபோதெல்லாம்
காலத்தைப் பூச்சியத்திலிருந்து எண்ணியிருக்கிறது.

"திகதியத் திருத்திவிடலாமே," என்றான் யூட்.
எந்தத் திகதிக்கு?
அவன் விசைப்பலகையில் இருந்து
கையை எடுத்துக்கொண்டான்.

அன்றிரவு கரண்ட் இரண்டு தரம் போனது.
அவனுடைய கிட்டில், என்னுடைய வரிசையில்
ஒவ்வொன்றாக ஏற்றினோம்.
பதினேழு கொமிட், ஆறு பெயர்கள்.
ஒன்பதாவது
அதே பிழையான விடியலோடு.

இனி வருவதை எப்படிச் சேர்ப்பது என்று
இன்னும் ஒத்துவரவில்லை.
கிளை என்கிறான். நான் இலக்கம் என்கிறேன்.
கோப்புறையை நான் அழிக்கவில்லை.
அவனுக்கு அது தெரியும், கேட்பதில்லை.

நாளைக் காலை ஏழரை பஸ்ஸில்
பதினெட்டாவது வருகிறது.
சந்திக்கு யார் போவது என்று
இப்போது தொடங்கியிருக்கிறோம்.