தேசம்மா, காலிஃபிளவர்

என் ஆட்டோவுக்கு ஆந்திர நம்பர்.
அதனால் பறக்கும் படை
பொதட்டூர்பேட்டைக்கும் பள்ளிப்பட்டுக்கும் நடுவே
ஒரே நாளில் நான்கு முறை நிறுத்தியது.
சீட்டுக்கு அடியில் என்ன, என்றார்கள்.
ஸ்டெப்னி, என்றேன்.
பின்னால் யார், என்றார்கள்.
வேட்பாளர், என்றேன்.
சிரித்துவிட்டு வண்டியை விட்டார்கள்.

இருபத்தாறு வருஷம் கிராம சுகாதார நர்ஸ்.
விருப்ப ஓய்வுக் கடிதத்தின் மடிப்பு
கைப்பையில் இன்னும் நிமிரவில்லை.
தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் போன ஐப்பசிகளில்
ஊசி மருந்துப் பெட்டியைத் தலையில் தூக்கி
இடுப்பளவு ஆற்றில் இறங்கியவள்.
பாலம் கேட்டு எழுதிய மனு பதினொன்று.
பதில் வந்தது இரண்டுக்கு.
இரண்டிலும் 'பரிசீலனையில் உள்ளது.'
அதற்கப்புறம்தான் டெபாசிட் கட்டினாள்.

எடை மெஷினைத்தான் சின்னமாகக் கேட்டோம்.
இந்த ஊர்களின் முதல் எடையெல்லாம்
அவள் நோட்டில்தானே இருக்கிறது.
வாபஸ் முடிந்த மாலை பார்த்தால்
பட்டியலில் மூன்று தேசம்மா:
கி. தேசம்மா, மு. தேசம்மா, ர. தேசம்மா.
சீட்டுக் குலுக்கினார்கள்.
மெஷின் கி.க்குப் போனது.
எங்கள் மு.வுக்குக்
காலிஃபிளவர்.

கரும்பும் மாங்காயும் வேர்க்கடலையும் விளைகிற மண்.
திருத்தணி மார்க்கெட்டில் நாலு பூ வாங்கி வந்து
முன்கண்ணாடிக்கு மேல் கட்டினேன்.
பங்குனி வெயில்.
இரண்டாம் நாள் பழுத்தது,
மூன்றாம் நாள் நாறியது.
பாதித் தெருக்களில் தெலுங்கில் சொல்ல வேண்டும்:
'மன அக்கா குர்த்து கோபி புவ்வு!'
தெலுங்கில் எனக்குக் குரல் கொஞ்சம் ஏறும்.

தறிக்கூட வாசலில் ஒரு பையன்,
கழுத்தில் கட்சித் துண்டு, கையை நீட்டி மறித்தான்.
எங்களை எதிர்க்க எத்தனை கோடி வெச்சிருக்கே?
அவன் முகத்தையே பார்த்தாள்.
'நீ சாவித்திரி பையன்தானே? ஒண்ணு எழுநூறு.
குறைமாசம். பஞ்சு சுத்தி வெச்சு
பதினெட்டு நாள் வந்து பார்த்தேன்.'
தறிகள் ஓடிக்கொண்டிருந்தன,
யாருக்கும் முழுசாகக் கேட்கவில்லை.
அவன் துண்டைக் கழற்றவில்லை.
கையை மட்டும் இறக்கினான்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் நாலு ஊர், ஆந்திரா.
ரிஜிஸ்டரில் ஏறாத பிள்ளைகளுக்கும்
மிச்ச மருந்தில் ஊசி போட்டிருக்கிறாள்,
மெமோவும் வாங்கியிருக்கிறாள்.
அவர்கள்தான் கூட்டமாக வந்தார்கள்,
மாலை போட்டார்கள், கையை விடவே இல்லை.
'மா ஓட்டு மீகே அக்கா.'
அவர்கள் ஓட்டு நகரியில்.
என் ஓட்டும்தான்.
பதினான்கு நாள் அவள் பெயரைக் கத்தியவனுக்கு
அவள் பெயருக்கு நேரே வைக்க
ஒரு விரல் கிடையாது.

செவ்வாய் சாயங்காலம் மைக்கை அணைத்தோம்.
காதுக்குள் மட்டும் அது ஓடிக்கொண்டே இருந்தது.
இருட்டியதும் கி. தேசம்மா வந்தாள்,
இடுப்பில் கைக்குழந்தை.
'கையெழுத்துக்கு ஐயாயிரம் குடுத்தாங்கக்கா,'
என்றாள். அழுவாள் என்று நினைத்தேன்.
அழவில்லை.
'என் ஓட்டு உங்களுக்குத்தான்.
ஆனா மெஷின்ல என் போட்டோ வருமாமே,
அத ஒரு தடவ பாக்கணும்.'

எங்கள் தேசம்மா ஒன்றும் சொல்லாமல்
குழந்தையை வாங்கினாள்.
இரண்டு கையிலும் ஏந்தி மெதுவாக ஒருமுறை
ஏற்றி இறக்கினாள்.
'ஆறு இருக்கும். எட்டு மாசத்துக்குப் போதாது.
வெள்ளிக்கிழமை தூக்கிட்டு வா.'

வெள்ளி, ஓட்டு முடிந்த மறுநாள்.
சப்-சென்டரில் புது நர்ஸ் வந்து
இரண்டு மாசம் ஆகிறது.
நான் ஸ்பீக்கர் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தேன்.
எங்கே வருவது என்று
ஒரு தேசம்மாவும் கேட்கவில்லை,
ஒரு தேசம்மாவும் சொல்லவில்லை.